சமயம், தத்துவம், இசை பற்றி எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் வேலையும் குடும்பமும் பார்த்துக்கொண்டே இந்த மூன்று துறைகளிலும் எழுத நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. பதில்களில் மூலம், உரை, வழக்கு என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நூலில் உள்ளது மூலம். அதற்குப் பின்னால் வந்தவர்கள் சொன்னது உரை. இன்று கோயிலிலும் மேடையிலும் நடப்பது வழக்கு. இத்துறையில் நாம் பார்க்கும் பிழைகளில் பெரும்பகுதி, இம்மூன்றில் ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடுவதால் வருவதுதான்.

சமயம், தத்துவம், இசை மூன்றையும் ஒருவரே எழுத முடியுமா? ஒன்றோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் துறை உங்களை விடாது. தேவாரத்தைச் சமய நூலாக எடுத்தால் பண், அதாவது பாடலுக்குரிய பழந்தமிழ் இசைமுறை, குறுக்கே வரும். பண்ணைப் பிடித்தால் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கும், அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரைக்கும் போகவேண்டி வரும். பாடலின் பொருளைச் சொல்லப் புகுந்தால் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை) தெரியாமல் ஒரு பத்தி நகராது.

மூன்றையும் ஒருவர் எழுதிய வாழ்க்கைக்கு விபுலாநந்தரைப் பார்க்கலாம். 1892-இல் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டம் 1916-லேயே கைக்கு வந்துவிட்டது, இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியல் பட்டம் அதற்குச் சில ஆண்டு கழித்து வந்தது. 1924-இல் இராமகிருட்டிண மடத்துத் துறவியானார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இடையில் மாயாவதியில் மடத்தின் ஆங்கில இதழான ‘பிரபுத்த பாரத’த்துக்கு ஆசிரியர். பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய ‘யாழ் நூல்’ ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பு. 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. சூலை 19 அன்று அவர் மறைந்தார்.

அவரிடம் கற்கவேண்டியது உழைப்பை மட்டும் அன்று. கணக்குத் தெரிந்தவர் என்பதால் நரம்பின் நீளத்தை அளந்து இசையைப் பேசினார். உங்கள் கைவசம் வேறு எந்தத் தொழில் இருந்தாலும் (கணக்கியல், மின்னியல், சட்டம்) அதை இந்தத் துறைக்குள் கொண்டுவாருங்கள். புதிதாக ஏதாவது சொல்ல முடிவது அங்கேதான்.

எனக்குப் பாடத் தெரியாது. இசை பற்றி எழுதலாமா?

எழுதலாம். ஆனால் கேட்டுப் பிரித்தறியத் தெரிய வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டு எங்காவது போய் அடிப்படை பயிலுங்கள். 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் பெரியவர்களும் சேரலாம். சரளி வரிசையும் பத்து இராகங்களின் ஆரோகண அவரோகணமும் காதில் ஏறினால் போதும். அதற்கு முன் எழுதினால், சுவரம் தெரியாமல் ‘உருக்கமான இராகம்’, ‘மயக்கும் குழைவு’ என்றே பக்கம் நிரம்பும்.

தலைப்பை எப்படிச் சுருக்குவது?

‘சைவமும் இசையும்’ ஒரு தலைப்பே இல்லை, அது ஒரு நூலக அலமாரி. முதல் திருமுறையில் நட்டபாடைப் பண்ணுக்கு 22 பதிகங்கள் (பத்துப் பாடல் அளவிலான தொகுதிகள்) இருக்கின்றன, 1.1 முதல் 1.22 வரை. ‘அந்த 22 பதிகங்களில் சிங்கப்பூர்க் கோயில்களில் இன்று பாடப்படுபவை எவை, எந்த இராகத்தில்?’ என்றால் அது தலைப்பு. ஆறு மாத வார இறுதிகளில் முடியக்கூடியது. கேள்வியைப் படித்ததும் பதிலுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் தலைப்பு சரியான அளவில் இருக்கிறது.

தேவாரப் பாடலை எப்படி மேற்கோள் காட்டுவது? என்னிடம் உள்ள பதிப்பின் பக்க எண் போதுமா?

பக்க எண்ணால் யாருக்கும் பயனில்லை. திருமுறை, பதிகம், பாடல் என்று மூன்று எண் கொடுங்கள். ‘தோடுடைய செவியன்’ 1.1.1. ‘மந்திரமாவது நீறு’ 2.66.1. ‘பித்தா பிறைசூடி’ 7.1.1.

ஓர் எச்சரிக்கை. பதிப்புகள் இரண்டு வகை. பண்முறைப் பதிப்பில் பதிகங்கள் பண் வரிசையில் இருக்கும், தலமுறைப் பதிப்பில் ஊர் வரிசையில் இருக்கும். வீட்டிலிருக்கும் பழைய பதிப்பு தலமுறையாக இருந்தால் அதன் வரிசை எண்ணை எடுத்து எழுதிவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காகத் தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் பண்முறையில் அமைந்தது. முதல் தொகுதி 1984-இல் வந்தது. பாட வேறுபாடு பார்க்க அதையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் தேடுவதற்கு நல்லவை. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியையும் அச்சுப் பதிப்போடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பதிகம் என்ன பண், என்ன இராகம் என்று அட்டவணை பார்த்து எழுதிவிடலாமா?

இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பண் பெயர் ஏட்டுவழி வந்தது. இன்று நாம் அதற்கு இணையாகச் சொல்லும் இராகம் ஓதுவார் வழக்கு. நட்டபாடைக்கு நாட்டை, தக்கராகத்துக்குக் காம்போதி, கொல்லிக்கு நவரோசு, கௌசிகத்துக்குப் பைரவி, காந்தாரபஞ்சமத்துக்குக் கேதாரகௌளை, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, செந்துருத்திக்கு மத்தியமாவதி. ‘சம்பந்தர் தோடுடைய செவியனை நாட்டையில் பாடினார்’ என்று எழுதினால் அது பிழை. ‘நட்டபாடைப் பண் என்று குறிக்கப்பட்ட பதிகம், ஓதுவார்கள் இன்று நாட்டையில் பாடுகிறார்கள்’ என்று எழுதினால் சரி. வாக்கியம் நீளும், பரவாயில்லை.

ஏட்டில் உள்ள பண் பெயரைக்கூட ஒரு கண்ணோடு பார்க்க வேண்டும். நம்பியாண்டார் நம்பி திருமுறையை வகுத்தபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த எருக்கத்தம்புலியூர்ப் பெண் ஒருவர் பண்களை வகுத்துத் தந்தார் என்பது திருமுறைகண்ட புராணம் சொல்வது. பாடப்பட்ட காலத்துக்கும் பண் தொகுக்கப்பட்ட காலத்துக்கும் இடையே நூற்றாண்டுகள் உண்டு என்பதை அந்தப் புராணமே ஒப்புக்கொள்கிறது.

அடுத்த சறுக்கல் அப்பர் பாடல்களில். ஐந்தாம் திருமுறை முழுவதும் திருக்குறுந்தொகை, ஆறாம் திருமுறை முழுவதும் திருத்தாண்டகம். இரண்டும் யாப்பால் பெற்ற பெயர்கள். ‘மாசில் வீணையும்’ 5.90-இல் இருக்கிறது. அதற்குப் பண் தேடி அலைந்து, கடைசியில் கச்சேரியில் கேட்ட இராகத்தையே பண் என்று எழுதி வைக்கிறார்கள். திருத்தாண்டகத்தை அரிகாம்போதியில் ஓதுவதும் வழக்குத்தான், மூலம் அன்று.

இன்னொன்று: தேவாரம் பற்றிய கட்டுரையில் 72 மேளகர்த்தா (தாய் இராக) எண் கொடுக்கும் ஆசை. அந்தத் திட்டம் 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்தது. இன்றைய இராகத்தை அடையாளம் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

செம்பாலை எந்த இராகம்? ஒருவர் சங்கராபரணம் என்கிறார், ஒருவர் அரிகாம்போதி என்கிறார்.

செம்பாலை என்பது பழந்தமிழ் இசையின் ஏழு பாலைகளில், அதாவது ஏழு சுவர வரிசைகளில், முதலாவது. அதை ஆபிரகாம் பண்டிதர் சங்கராபரணம் என்றார். விபுலாநந்தர் அரிகாம்போதி என்றார். பிறகு வந்தவர்களில் பலர் அரிகாம்போதிப் பக்கம். இருவர் பெயரையும் சொல்லி, நீங்கள் எதைக் கொள்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

நீங்களே சோதிக்க ஒரு சின்னக் கீபோர்டு போதும். கறுப்புக் கட்டைகளைத் தொடாதீர்கள். ‘ஜி’ கட்டையைக் குரலாக (ஆதார சட்சமாக) வைத்து வெள்ளைக் கட்டைகளில் ஏழும் வாசித்தால் அரிகாம்போதி. அதைச் செம்பாலை என்று கொள்ளுங்கள். அடுத்த கட்டையான ‘ஏ’யைக் குரலாக வைத்தால் நடபைரவி, அது படுமலைப்பாலை. ‘பி’யில் செவ்வழிப்பாலை: பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்திமம் வரும், இன்றைய மேளத்தில் இதற்கு இடமில்லை. ‘சி’யில் அரும்பாலை, சங்கராபரணம். ‘டி’யில் கோடிப்பாலை, கரகரப்பிரியா. ‘இ’யில் விளரிப்பாலை, தோடி. ‘எஃப்’பில் மேற்செம்பாலை, கல்யாணி.

பண்டிதர் வழியில் ‘சி’யிலிருந்து தொடங்கினாலும் கிடைப்பவை இதே ஏழுதான், பெயர்கள் மட்டும் இடம் மாறுகின்றன. படுமலைப்பாலை கரகரப்பிரியாவாகிவிடும். ஆகவே ஒரு நூலிலிருந்து செம்பாலையையும் இன்னொரு நூலிலிருந்து கோடிப்பாலையையும் எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால் கணக்கு உதைக்கும். அப்படிப்பட்ட அட்டவணைகள் விழா மலர்களில் நிறைய உலவுகின்றன. ஏழும் ஒருவர் வழியில் வருகின்றனவா என்று கட்டையில் வாசித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

22 சுருதியா, 24 சுருதியா?

ஒரு சட்சத்திலிருந்து மேல் சட்சம் வரை உள்ள இடைவெளியில் எத்தனை நுண்சுருதிகள் என்பதுதான் கேள்வி. 22 என்பது பரத முனிவரின் நாட்டிய சாத்திரத்தில் தொடங்கும் வடமொழி மரபு. 1917-இல் வந்த ‘கருணாமிர்த சாகர’த்தில் ஆபிரகாம் பண்டிதர் 24 என்று வாதிட்டார். எழுதுபவர் ஒரு கட்சியில் சேரும் முன் கம்பியை அளப்பது நல்லது. அதிரும் நீளம் 90 செ.மீ. என்றால் மேல் சட்சம் 45, பஞ்சமம் 60, சுத்த மத்திமம் 67.5 செ.மீ.-இல் விழும். இதில் யாருக்கும் சண்டை இல்லை. அந்தர காந்தாரத்தை 5/4 என்று கொண்டால் 72 செ.மீ., பஞ்சமத்தை அடுக்கி அடுக்கி 81/64 என்று பெற்றால் ஏறத்தாழ 71.1 செ.மீ. அந்த ஒன்பது மில்லிமீட்டரில்தான் சுருதிச் சண்டை முழுவதும் நடக்கிறது.

தத்துவம் எழுத எந்த நூலிலிருந்து தொடங்குவது?

சைவ சித்தாந்தத்தின் மூல நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாதான், ஒரு மாலையில் படித்துவிடலாம். உரையில்லாமல் விளங்காது. 18-ஆம் நூற்றாண்டில் மாதவச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியத்துக்கு நேரே போகாதீர்கள், மூச்சு முட்டும். அவரே எழுதிய சிற்றுரையில் தொடங்கி, சிவஞான சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்லும் பகுதியான சுபக்கத்துக்குப் போய், பிறகு மாபாடியம். ‘மெய்கண்டார் சொல்கிறார்’ என்று நீங்கள் எழுதும் இடத்தில் உண்மையில் சொல்வது சிவஞான முனிவராக இருக்கலாம். நடுவில் ஐந்து நூற்றாண்டு இருக்கிறது. நூற்பா எண்ணும் உரையாசிரியர் பெயரும் தனித்தனியே கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

வடமொழி தெரிந்தே ஆக வேண்டுமா?

திருமுறை, மெய்கண்ட சாத்திரம் எழுதத் தேவையில்லை. ஆகமம், வேதாந்தம், சங்கீத சாத்திரம் என்று போனால் கிரந்த எழுத்தாவது படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாலாயிரத் திவ்வியப் பிரபந்த உரைகளுக்கும் அப்படியே, அவை மணிப்பிரவாளம், அதாவது தமிழும் வடமொழியும் கலந்த நடை. திருவாய்மொழி உரையான ஈட்டை முப்பத்தாறாயிரப்படி என்னும்போது ‘படி’ 32 எழுத்துக் கொண்ட அளவு. அந்தக் காலத்திலும் எழுதியவர்கள் எண்ணிக்கை பார்த்திருக்கிறார்கள்.

பிற சமயக் கொள்கையை மறுத்து எழுதலாமா? சிங்கப்பூரில் சட்டச் சிக்கல் வருமா?

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறியது, 2019-இல் திருத்தப்பட்டது. சமயக் குழுக்களுக்கிடையே பகை, வெறுப்பு மூட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். கொள்கையை ஆராய்வதை அது தடுக்கவில்லை.

எப்படி மறுப்பது என்பதற்கு நம் மரபிலேயே வழி இருக்கிறது. சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பகுதியான பரபக்கம் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகளை எடுத்து, முதலில் அவன் கொள்கையை அவன் வாயாலேயே சொல்லவிட்டுப் பிறகுதான் மறுக்கிறது. உங்கள் சுருக்கத்தை அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் படித்து ‘ஆம், எங்கள் கொள்கை இதுதான்’ என்று சொல்ல முடிய வேண்டும். ‘அவர்கள் நம்புவது’ என்று பொத்தாம் பொதுவாகத் தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். எந்த நூல், எந்த ஆசிரியர் என்று சொன்னால் பாதிச் சூடு தானே இறங்கிவிடும்.

நூல்கள் இங்கே எங்கே கிடைக்கும்?

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆகவே வீட்டில் இணையப் பட்டியலைப் பார்த்து, அழைப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். வட்டார நூலகங்களில் கிடைக்கும் உரை நூல்களை இரவல் எடுத்துவிட்டால், சனிக்கிழமையை அங்கே மட்டுமே உள்ள நூல்களுக்குச் செலவிடலாம்.

பழைய தமிழ் முரசு இதழ்கள் நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் மின்வடிவில் உள்ளன. தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். தைப்பூசம், நவராத்திரி, குடமுழுக்கு என்று நாளைக் கணக்கிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார இதழ்களைப் புரட்டுவதே பலன் தரும். யாழ்ப்பாண நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம், தமிழ்நாட்டு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பாடத்துக்கு மதுரைத் திட்டம்.

கோயில் குடமுழுக்கு மலருக்கு வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி எழுதுவது?

போன மலரைப் பார்த்து எழுதாதீர்கள். அதற்கு முந்தைய மலரைப் பார்த்துத்தான் அதையும் எழுதியிருப்பார்கள். கோயிலில் உள்ள கல்வெட்டுப் பலகைகளையும் நன்கொடையாளர் பெயர்ப் பலகைகளையும் முதலில் படம் எடுங்கள். திருப்பணி தொடங்கிவிட்டால் சில பலகைகள் திரும்பி வராது. நிலப் பத்திரம், வரைபடம், படங்களுக்குக் கன்னிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அதன் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகளைத் திரட்டி வருகிறது, தமிழ்ப் பேட்டிகளும் உண்டு.

ஆண்டுக் கணக்கில் கவனம். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். சர்வசித்து 1827-இலும் வந்தது, 1887-இலும் வந்தது. முன்னது சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தோன்றிய ஆண்டு, பின்னது டேங்க் ரோடு முருகன் மீது சதாசிவ பண்டிதர் பாடிய சிங்கை நகரந்தாதி அச்சான ஆண்டு. வெறும் ‘சர்வசித்து’ என்று ஒரு பலகையில் கண்டால் இரண்டில் எது என்பதை வேறு சான்றால்தான் முடிவு செய்ய முடியும். மாதமும் முக்கியம். சர்வசித்து தை என்றால் 1888 தொடக்கம். சித்திரையில் பிறக்கும் ஆண்டு அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் நீள்வதை மறந்து 1887 என்றே எழுதிவிடுகிறார்கள். ஆங்கில ஆண்டு பெறச் சக ஆண்டோடு 78 கூட்டுங்கள், திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31 கழியுங்கள்.

ஓதுவார் பாடுவதைப் பதிவு செய்யலாமா?

அவரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். பூசை நேரத்தில் வேண்டாம். மணியும் தவிலும் சேர்ந்தால் குரலின் நுணுக்கம் எதுவும் தேறாது. நடை சாத்திய பிறகு ஒரு சிறு அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். சுருக்காத ‘வேவ்’ கோப்பாகச் சேமியுங்கள்.

முதலில் சுருதிப் பெட்டியைப் பத்து விநாடி தனியாக ஒலிக்க விட்டு, அது எத்தனை கட்டைச் சுருதி என்பதை வாயால் சொல்லிப் பதியுங்கள். ஒரு கட்டை ‘சி’, ஐந்து கட்டை ‘ஜி’. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, அப்படிக் குறிப்பெழுதியிருந்தால் யாரோ தவறாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பாடலைச் சுத்தாங்கமாக, அதாவது தாளமில்லாமல் ஒருமுறையும், பண்ணாங்கமாகத் தாளத்தோடு ஒருமுறையும் பாடச் சொல்லுங்கள். யாரிடம் பயின்றார் என்பதையும் கேட்டுப் பதியுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், யாருடைய வழக்கு என்று பின்னால் சொல்ல முடியாது.

பழைய நூலின் பகுதியை அப்படியே அச்சிடலாமா?

சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. விபுலாநந்தர் மறைந்தது 1947 என்பதால் அவர் எழுத்துக்கு இங்கே 2017 இறுதியோடு உரிமைக் காலம் முடிந்தது. ஆனால் பழைய பாட்டுக்குப் புதிதாக எழுதிய உரை, முன்னுரை, குறிப்பு எல்லாம் தனி. ஒலிப்பதிவும் தனி.

நூல் வந்த பின் செய்ய வேண்டியது?

அச்சுக்கு முன்பே நூலக வாரியத்திடம் ஐஎஸ்பிஎன் வாங்கியிருக்க வேண்டும். வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகளை வாரியத்துக்குக் கொடுப்பது சட்டப்படிக் கடமை.

சொல்லடைவு தேவையா? கணினி தானே செய்துவிடாதா?

சொல்லடைவு இல்லாத ஆய்வு நூலை யாரும் இரண்டாம் முறை எடுப்பதில்லை. கணினி உதவும், ஆனால் வரிசையைக் கெடுக்கும். யுனிகோடு எண் வரிசையில் ‘ன’ நகரத்தை ஒட்டியும் ‘ற’ ரகரத்தை ஒட்டியும் இருக்கின்றன. ‘ஜ’ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் புகுந்திருக்கிறது. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் ‘பக்கம்’ என்ற சொல் ‘பகை’க்குப் பிறகு போய்விடும். நெடுங்கணக்கில் அது முன்னால் வர வேண்டும். தமிழ் அகரவரிசை அறிந்த மென்பொருள் இல்லையென்றால் கடைசியில் கையால் திருத்துங்கள். 200 பக்க நூலுக்கு இரண்டு மாலை பிடிக்கும்.

இராகப் பெயர்களின் எழுத்தை அதற்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். ஹரிகாம்போதி, அரிகாம்போதி இரண்டும் நூலில் இருந்தால் அடைவில் ஒரே இராகம் இரண்டு இடத்தில் நிற்கும். பக்க எண்கள் உறுதியாகும் வரை அடைவைத் தொடாதீர்கள். ஒரு படம் சேர்த்தால் எல்லாம் நகர்ந்துவிடும்.